யார்க்கில் பாட்டுக் கேட்க வேண்டுமா? மதிலுக்கு வெளியே வாருங்கள்

இங்கிலாந்தின் யார்க் ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, ஒரு வருடப் படிப்பு, மேப்பில் "லைவ் மியூசிக்" என்று தேடினால் பப்பாகத்தான் வருகிறது, போய்ப் பார்த்தால் எல்லா இடத்திலும் அதே பழைய ஹிட் பாட்டுகள், நான் குடிப்பதில்லை, தனியாகப் போனால் சங்கடமாக இருக்குமா, அப்புறம் ஊரிலிருந்து புல்லாங்குழல் கொண்டு வந்திருக்கிறேன், யாரோடாவது சேர்ந்து வாசிக்க வழி உண்டா. நீங்கள் கேட்டது இவ்வளவும்தானே? நான் அந்த ஊரில் ஆறு வருடம் குப்பை கொட்டியவன். முதல் இரண்டு மாதம் எனக்கும் இதே கதிதான்.

நீங்கள் தேடுகிற இடம்தான் தப்பு. யார்க்கைச் சுற்றி ஒரு பழைய கல் மதில் இருக்கிறது, மூன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மேலே ஏறி நடக்கலாம், நடந்திருப்பீர்கள். அதற்குள்ளே இருப்பது சுற்றுலா யார்க். சனிக்கிழமை ஆனால் லீட்ஸிலிருந்தும் நியூகாசிலிலிருந்தும் ரயில் பிடித்துக் கல்யாணத்துக்கு முந்தைய பார்ட்டிக் கும்பல் வந்து இறங்கும், தலையில் ரோஸ் கலர் தொப்பி, கையில் பிளாஸ்டிக் கிளாஸ். அவர்கள் புதுப் பாட்டு கேட்க வரவில்லை, கூடச் சேர்ந்து கத்துவதற்கு வருகிறார்கள், பப்காரர்களும் அதற்கேற்ற ஆளைக் கிடாரோடு உட்கார வைக்கிறார்கள். குதிரைப் பந்தய நாளாக இருந்தால் இன்னும் மோசம், ஆகஸ்டில் ஈபோர் பந்தயம் நடக்கும் வாரம் உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. சொந்தப் பாட்டு வாசிக்கிற பேண்டுகள் வரும் இடங்கள் பெரும்பாலும் மதிலைத் தாண்டி ஐந்து நிமிடம், பத்து நிமிட நடையில் இருக்கின்றன. சர்ச் மாதிரியான இடங்களில் நடக்கும் இசையும் ஒன்றிரண்டு பப்புகளும்தான் உள்ளே.

முதலில் ஒரு விஷயம், இல்லாவிட்டால் வழி தப்பும். யார்க்கில் தெருப் பெயர்கள் "கேட்" என்று முடியும், அது வாசல் இல்லை, வைக்கிங்குகள் விட்டுப்போன சொல், தெரு என்று அர்த்தம். "பார்" என்பதுதான் கோட்டை வாசல். வந்த புதிதில் ஒரு நண்பர் ஏழு மணிக்கு மிக்கிள்கேட் பார் என்று செய்தி அனுப்பினார். நான் அந்தத் தெருவில் ஒவ்வொரு மதுக்கடையாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன், அவர் அந்தப் பெரிய கல்வாசலுக்குக் கீழே மழையில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வாசல் வழியாகவே வெளியே வாருங்கள். பிளாஸம் தெருவில் கொஞ்சம் போனால் பக்கத்துச் சந்தில் தி கிரெசன்ட். ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், வெளியே இருந்து பார்த்தால் இங்கேயா என்று தோன்றும். முன்பு அது தொழிலாளர் மன்றம், அதாவது ஆலைத் தொழிலாளர்களும் ரயில்வேக்காரர்களும் சந்தா கட்டி, மலிவாகக் குடித்து, சீட்டு விளையாடி, வாரக் கடைசியில் பாட்டுக் கச்சேரி வைத்துக்கொண்ட கிளப். வட இங்கிலாந்தில் இந்த மாதிரி மன்றங்கள் ஊருக்கு ஊர் இருந்தன, நிறைய மூடிவிட்டார்கள், தப்பித்த சில இப்படி இசைக்கூடமாக மாறின. கச்சேரிக்கென்றே கட்டினதுபோல் அமைப்பு: மேடை உயரம் குறைவு, கூரை தாழ்வு, நடுவில் தூண் கிடையாது, பார் ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். நான் வழக்கமாக மிக்ஸர் மேஜைக்கு நேர் முன்னால் நிற்பேன், எந்தச் சின்ன இடத்திலும் ஒலி ஒழுங்காகக் கேட்பது அங்கேதான், ஏனென்றால் அந்த மேஜையில் ஒலியைக் கவனிக்கிறவர் தன் காதுக்குத்தான் சரிசெய்வார். முன்வரிசைக்கு ஓடுகிறவர்களுக்குப் பாடகர் முகம் தெரியும், பாட்டு தெரியாது, கிடார் பெட்டிதான் காதில் அறையும்.

கிரெசன்ட்டில் ஒரு நாள் ஃபோக் எனும் நாட்டுப்புற இசை, ஒரு நாள் பங்க், இன்னொரு நாள் ஆப்பிரிக்க இசை, கலந்து கட்டி வரும். எனக்கு அந்த ஊரில் ஒரே ஒரு இடம் சொல்லு என்றால் இதைத்தான் சொல்வேன். நிகழ்ச்சியை ஏற்பாடு செய்கிறவர்களின் பெயரையும் கவனியுங்கள், உதாரணமாக ப்ளீஸ் ப்ளீஸ் யூ என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். இடத்தைப் பின்தொடர்வதைவிட ஏற்பாட்டாளரைப் பின்தொடர்வது லாபம், அவர்களுடைய ரசனை ஒத்துப்போனால் பெயர் தெரியாத பேண்டுக்கும் நம்பிப் போகலாம்.

தெற்கே ஃபுல்ஃபோர்ட் சாலையில் ஃபுல்ஃபோர்ட் ஆர்ம்ஸ். நகர நடுவிலிருந்து இருபது நிமிட நடை இருக்கும், சின்ன இடம், சத்தம் அதிகம், மெட்டல், பங்க், இண்டி என்று போகும். காதடைப்பான் வாங்கிக்கொண்டு போங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நன்னரி லேனில், மதிலை ஒட்டின மாதிரி, விக்டோரியா வால்ட்ஸ் என்று ஒரு பப், அங்கேயும் உள்ளூர்ப் பேண்டுகள் வாசிப்பார்கள். மதிலுக்குள் பிஷப்ஹில் பக்கம் கோல்டன் பால் இருக்கிறது, அக்கம்பக்கத்து ஜனங்கள் கூட்டுறவாகச் சேர்ந்து 2012லிருந்து நடத்தும் பப், உள்ளே இருந்தும் சுற்றுலாக் கும்பல் எட்டிப் பார்க்காத இடம்.

பழைய பதிவுகளில் ஃபிபர்ஸ், டச்சஸ் என்ற பெயர்களைப் பார்த்தால் ஏமாறாதீர்கள். டச்சஸ் 2015லேயே மூடியாகிவிட்டது. 1992ல் தொடங்கிய ஃபிபர்ஸ் இடம் மாறியும்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை, 2020ல் போய்விட்டது. யார்க்கில் மட்டும் இல்லை, 2023ல் மட்டும் பிரிட்டன் முழுக்க 125 சின்ன இசைக்கூடங்கள் கச்சேரி நடத்துவதை நிறுத்தின என்று அவற்றுக்காக இயங்கும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் கணக்குச் சொன்னது. அதனால் எந்தப் பட்டியலையும், இந்தப் பதிலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கிளம்புவதற்கு முன் அந்த இடத்தின் சொந்தப் பக்கத்தில் அந்த வாரத் தேதியோடு சரிபாருங்கள். நான் ஒரு முறை இணையத்தில் "ஒவ்வொரு புதன்கிழமையும் ஜாஸ்" என்று பார்த்துவிட்டு ஜனவரிக் குளிரில் நாற்பது நிமிடம் நடந்து ஒரு பப்புக்குப் போனேன். பெயர் வேண்டாம். உள்ளே நான்கு பேர் டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாரில் இருந்த பெண், "அது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு" என்றாள், சேர்ந்து மூன்று வருடம் ஆகிறதாம்.

இன்னொரு உள்ளூர் ரகசியம். சாமுவேல் ஸ்மித் என்ற மதுபானக் கம்பெனி, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டாட்காஸ்டர்காரர்கள், அவர்களுடைய பப்புகள் யார்க்கில் பல உண்டு, ஆற்றங்கரையில் வெள்ளம் வந்தால் முங்கிப் போகிற கிங்ஸ் ஆர்ம்ஸ் உட்பட. 2004ல் தங்கள் பப்புகளில் இசையே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள், இசைக்குக் கட்ட வேண்டிய உரிமக் கட்டணம் பிடிக்கவில்லை. பல ஊர்களில் வருடக்கணக்காக நடந்துவந்த ஃபோக் கிளப்புகள் அதனால் வேறு இடம் தேடி அலைந்தன. பேசிக்கொண்டு உட்கார அருமையான பப்புகள்தான். பாட்டுக்கு அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தால் நடையைக் கட்டுங்கள்.

மற்ற பப்புகளில் திடீர் திடீரென்று பாட்டு முளைப்பதற்கும் ஒரு சட்டக் காரணம் உண்டு. 2012ல் வந்த நேரடி இசைச் சட்டப்படி, மது விற்க உரிமம் உள்ள இடத்தில் காலை 8 மணி முதல் இரவு 11 வரை கச்சேரி நடத்தத் தனி அனுமதி தேவையில்லை. முதலில் 200 பேர் வரை என்று இருந்தது, 2015ல் 500 ஆக்கினார்கள். ஆகவே ஒரு மூலையும் ஒரு பிளக் பாயின்ட்டும் இருந்தால் எந்தப் பப்பும் வைக்கலாம், மறுமாதம் நிறுத்திவிடவும் செய்யலாம். பதினொன்று அடித்தால் டக்கென்று முடிப்பதும் பாதி இதனால்தான், மீதிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் காரணம். மத்தியான நேரத்தில் பப் வாசல் கரும்பலகையைப் படித்துக்கொண்டே நடங்கள், மேப்பில் வராதது அதில் இருக்கும். "டிரிபியூட்" என்றிருந்தால் வேறு ஒரு பெரிய பேண்டைப் போல வேஷம் கட்டி வாசிப்பவர்கள், "கவர்ஸ்" என்றால் நீங்கள் அலுத்துப்போன அதே ஹிட் பாட்டுகள், "ஒரிஜினல்ஸ்" என்றால் உங்களுக்கானது, "ஓப்பன் மைக்" என்றால் பெயர் கொடுத்தவர் எவரும் ஏறலாம், அதில் லாட்டரி மாதிரி, ஒன்பது பேர் தேறாமல் பத்தாவது ஆள் அறையையே உறைய வைத்துவிடுவார். "டோர்ஸ் 7.30" என்று போட்டிருந்தால் அது கதவு திறக்கும் நேரம், முதலில் வருவது துணைப் பேண்டு, முக்கியமானவர்கள் மேடைக்கு வர ஒன்பதாகும். துணைப் பேண்டுதானே என்று தாமதமாகப் போகாதீர்கள், உள்ளூர் ஆட்கள் அப்படித்தான் அறிமுகமாவார்கள். யார்க்கிலேயே 1990ல் உருவான ஷெட் செவன் 2024 ஜூலையில் மியூசியம் தோட்டத்தில், இடிந்துபோன மடாலயச் சுவருக்குப் பக்கத்தில், இரண்டு நாள் வாசித்தார்கள். அவர்களும் இந்த மாதிரிச் சின்ன மேடைகளில் இருந்துதான் ஆரம்பித்திருப்பார்கள்.

தனியாகப் போவது பற்றி: தயங்கவே வேண்டாம். கச்சேரிக்குத் தனியாக வருபவர்கள் அங்கே சர்வசாதாரணம், பாதிப் பேர் நடுத்தர வயது ஆட்கள், கோட்டு போட்டபடி ஒரு கிளாஸோடு சுவரில் சாய்ந்து நிற்பார்கள். குடிக்காததும் ஒரு விஷயமே இல்லை. பாரில் போய் நின்று லைம் சோடா என்று கேளுங்கள், விலையும் குறைவு, யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மேஜைக்கு வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தால் ராத்திரி முழுக்கக் காத்திருப்பீர்கள், நாம்தான் போய் வாங்க வேண்டும். வயதைக் காட்ட ஏதாவது அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள், நம் ஆட்களைப் பார்த்தால் அவர்களுக்கு வயது பிடிபடாது.

பப் வாசனையே வேண்டாம் என்றால் இந்த ஊரில் அதற்கும் பஞ்சமில்லை, எனக்கு ஒருவேளை இதுதான் யார்க்கின் நிஜமான சொத்து. மின்ஸ்டர் என்ற பெரிய தேவாலயத்தில் பெரும்பாலான நாட்கள் மாலை 5.30க்கு ஈவன்சாங், ஞாயிறு நான்கு மணிக்கு. அது வழிபாடு, கச்சேரி இல்லை, கை தட்டக் கூடாது, ஆனால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், டிக்கெட் கிடையாது. பகலில் சுற்றிப் பார்க்கக் கட்டணம் வாங்குகிற அதே கட்டடம், இதற்கு இலவசம். வாசலில் இருப்பவரிடம் ஈவன்சாங் என்று ஒரு வார்த்தை சொன்னால் உள்ளே விடுவார்.

கால் மணி நேரம் முன்பே போனால் பாடகர் குழு உட்காரும் மர இருக்கைகளுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைக்கும். போகும் வழியில் ஒரு கல்திரை குறுக்கே நிற்கும், முதலாம் வில்லியமிலிருந்து ஆறாம் ஹென்றி வரை 15 ராஜாக்கள் வரிசையாகச் செதுக்கி வைத்திருப்பார்கள், அதன் மேல்தான் ஆர்கன். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழாய்கள், பெரிய பழுதுபார்ப்பு முடிந்து 2021ல்தான் திரும்ப ஒலிக்கத் தொடங்கியது. மார்கழி மாதிரிக் குளிர் இருட்டில், மேஜை விளக்குகள் மட்டும் எரிய, ஒரு பத்து வயதுப் பிள்ளையின் குரல் மேலே போய்க் கல்லில் பட்டு, அடுத்த வரி ஆரம்பித்த பிறகும் முந்தின வரி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். வழிபாடு முடிந்ததும் எல்லாரும் எழுந்து போவார்கள், நீங்கள் போகாதீர்கள், ஆர்கன்காரர் கடைசியாக ஒரு உருப்படி வாசிப்பார், அதற்கு உட்காருங்கள், தரை வழியாக முதுகில் ஏறும். பள்ளி விடுமுறைகளில் குழுவும் விடுமுறையில் போகும், வெளியூர்க் குழுக்கள் வந்து பாடும்.

வாம்கேட்டில் செயின்ட் மார்கரெட் என்ற பழைய சர்ச் இப்போது நேஷனல் சென்டர் ஃபார் ஏர்லி மியூசிக், 2000ல் திறந்தார்கள். நுழைவு மண்டபத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள், 12ஆம் நூற்றாண்டு வேலை, ராசிச் சின்னங்கள் செதுக்கியிருக்கும். உள்ளே லூட், வயோல் போன்ற பழைய வாத்தியங்கள், அதே காலத்து இசை, மைக் இல்லாமல். ஜாஸும் ஃபோக்கும் கூட வரும், பெயரைப் பார்த்துப் பழசு மட்டும்தான் என்று ஒதுக்க வேண்டாம். 1977ல் தொடங்கிய ஏர்லி மியூசிக் விழா ஒவ்வொரு ஜூலையும் நடக்கும், டிசம்பரில் ஒரு சின்ன விழாவும் உண்டு, ஒரு வருடப் படிப்புதான் என்பதால் டிசம்பரைத் தவற விடாதீர்கள்.

யார்க் பல்கலைக்கழகத்தையும் மறந்துவிடாதீர்கள். ஹெஸ்லிங்டன் வளாகத்தில் சர் ஜாக் லயன்ஸ் அரங்கம், 1969லிருந்து இருக்கிறது, மாணவர்களுக்கு டிக்கெட் மலிவு. இசைத் துறையில் ஒரு முழு ஜாவா கேமலான் வாத்தியக் கூட்டம் இருக்கிறது, பெயர் செகார் பெதாக், வெள்ளைப் பூ என்று பொருள், யார்க்கின் சின்னம் வெள்ளை ரோஜா அல்லவா, அதற்காக. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. வெண்கலத் தட்டுகளும் கிண்ணங்களும் நாற்பது ஐம்பது சேர்ந்து ஒலிப்பதை நம்மில் முக்கால்வாசிப் பேர் நேரில் கேட்டிருக்க மாட்டோம், அறிவிப்பு பார்த்தால் விடாதீர்கள்.

பெரிய அரங்குகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பார்பிகன் மதிலுக்குச் சற்று வெளியே, பெயர் பெற்றவர்கள் வருவார்கள், அதற்கேற்ற விலை, வருடக் கடைசியில் ஸ்னூக்கர் போட்டிக்கு விட்டுவிடுவார்கள். கிராண்ட் ஆப்பரா ஹவுஸ் 1902லிருந்து இருக்கிறது, ஆப்பரா எப்போதாவதுதான். ஒன்றரை லட்சம் பேர் இருக்கிற ஊர் என்பதால் நடுத்தர அளவு பேண்டுகள் யார்க்கைத் தாண்டி லீட்ஸுக்குப் போய்விடும். ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை, அங்கே பிரூடனெல் சோஷியல் கிளப் இருக்கிறது, கிரெசன்ட் மாதிரியே பழைய மன்றம்தான், புகழ் இன்னும் பெரிது. ஆனால் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இல்லை, பஸ் பிடிக்க வேண்டும், ஆகவே கடைசி ரயிலை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் டிக்கெட் எடுங்கள். நான் ஒரு தடவை மாற்றிச் செய்து விடியும்வரை லீட்ஸ் ஸ்டேஷனுக்கு வெளியே நின்றேன்.

இப்போது புல்லாங்குழல். பீஸ்ஹோம் கிரீனில் பிளாக் ஸ்வான் என்று 15ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தில் ஒரு பப், மதிலுக்குள்தான் ஆனால் ஓரமாக. வியாழக்கிழமைகளில் அங்கே ஃபோக் கிளப் கூடும். சில வாரம் விருந்தாளிப் பாடகர், சில வாரம் வந்தவர்களே ஆளுக்கு ஒன்றிரண்டு பாட்டு. இது கிளப், உட்கார்ந்து கேட்பது, இடைவேளையில் ராஃபிள் என்ற குலுக்கல் சீட்டு விற்பார்கள், ஒரு பவுண்டு சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், பரிசு ஒரு ஒயின் பாட்டிலாக இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம், நட்பு பிடிக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. பக்கவாத்தியம் இல்லாமல் ஒருவர் கண்ணை மூடிப் பாடும்போது மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. பல்லவி வந்தால் எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள், நீங்களும் முணுமுணுக்கலாம்.

நீங்கள் தேடுவது "செஷன்". பப் மூலையில் வயலின், அக்கார்டியன், தகரக் குழலோடு வட்டமாக உட்கார்ந்து மேடையும் டிக்கெட்டும் இல்லாமல் வாசிப்பது. இது எந்தப் பப்பில் எந்தக் கிழமை என்று எழுதி வைத்துப் பயனில்லை, பப்பை நடத்துகிறவர் மாறினால் கிழமை மாறும். வியாழக்கிழமை பிளாக் ஸ்வானில் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாவிட்டால் அவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். முதல் வாரம் குழலைப் பையிலேயே வைத்துக்கொண்டு வட்டத்துக்கு வெளியே உட்காருங்கள். காலியாக இருக்கிறதே என்று வட்டத்துக்குள் நாற்காலி பிடிக்காதீர்கள், அது பாத்ரூம் போயிருக்கும் வயலின்காரருடையது. போனைத் தூக்கிப் படம் பிடிப்பதும் வேண்டாம்.

சுருதி விஷயம்: அவர்கள் அதிகம் வாசிப்பது டி, ஜி. நம் கணக்கில் 2 கட்டை, 5 கட்டை. டி மேஜர் மெட்டு என்றால் 2 கட்டை சங்கராபரணம் என்று விரல் தானாகப் போகும். அவர்கள் மிக்ஸோலிடியன் என்பது ஹரிகாம்போதி, டோரியன் என்பது கரகரப்பிரியா, கமகம் மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். கரகரப்பிரியா ஜாடையில் வரும் மெட்டுகள் பல 6 கட்டையில் நிற்கும். ஒரு மெட்டை இரண்டு மூன்று தடவை திருப்பி வாசித்துவிட்டு நிறுத்தாமல் அடுத்ததற்குத் தாவுவார்கள், முதல் சுற்று கேட்டு, இரண்டாவதில் மெல்லச் சேர்ந்து, மூன்றாவதில் நன்றாக ஊதலாம். 2 கட்டை, 5 கட்டைக் குழல் இரண்டும் பையில் இருந்தால் முக்கால்வாசி ராத்திரி ஓடிவிடும்.

மூன்றாவது நான்காவது வாரம் யாராவது உங்களைப் பார்த்து ஒன்று வாசியேன் என்று தலையசைப்பார்கள். அப்போது ராகம் தானம் என்று போகாதீர்கள், சின்ன வயதில் கற்ற நோட்டுஸ்வரம் ஒன்றை எடுங்கள். முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்குத்தானே சமஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டார், இரண்டாவது சுற்றிலேயே வயலின்காரர் கூடச் சேர்ந்துவிடுவார், இது உங்கள் ஊர்ப் பாட்டா எங்கள் ஊர்ப் பாட்டா என்று கேட்பார், அந்தக் கதையைச் சொன்னால் அன்றைக்கு லைம் சோடாவுக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியிருக்காது. "சந்ததம் பாஹிமாம்" மட்டும் வேண்டாம். அது அவர்களுடைய தேசிய கீதத்தின் மெட்டு, எழுந்து நிற்பதா வேண்டாமா என்று பப்பே குழம்பிப் போகும்.